ஐந்து விலாசம்

தென்காசி,
பவ வருஷம் வைகாசி 20

சிரஞ்சீவி தம்பி சங்கரபாண்டிக்கு அக்காள் முப்பிடாதியம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் அவர் தங்கை குழல்வாய்மொழியும் சுகமாக இருக்கிறோம். நீயும் ஆவுடைத்தாயும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது. அவளுக்கு இது ஆறாம் மாதம். தண்ணீர்க் குடம் தூக்க விடாதே.

திருநெல்வேலி டவுனில் ஜவுளிக்கடையில் கடிதம் எழுதும் வேலை கிடைத்திருப்பதாக நீ எழுதியதைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். அப்பா நம் இரண்டு பேருக்கும் மணலில் விரல் பிடித்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். எனக்கு அது பால் கணக்கு எழுதத்தான் பயன்பட்டது. உனக்காவது சம்பளம் வாங்கித் தருகிறதே.

உன் அத்தான் இந்த வருஷம் குற்றாலத்தில் பெரிய அருவிக்குப் போகிற பாதையிலேயே கடை பிடித்திருக்கிறார். போன வருஷம் வரை ஒரு மூலையில் கிடந்தோம், குளிக்க வருகிறவர்கள் கண்ணில் படவே மாட்டோம். இப்போது நல்லெண்ணெய் இருபது டின், சீயக்காய்த் தூள், துண்டு எல்லாம் வாங்கி அடுக்கியாகிவிட்டது. பணம் ஏது என்று கேட்டேன். "சங்கத்துல குடுத்தாவ" என்றார். ஐக்கிய நாணய சங்கத்தில் போன வருஷம் முப்பது ரூபாய்க்கு இரண்டு ஜாமீனும் இரண்டு மாத நடையும் கேட்டார்கள். இந்த வருஷம் காலையில் போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பணத்தோடு வந்துவிட்டார். சங்கம் திருந்திவிட்டது போலும். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

குழல்வாய்மொழிக்குப் பத்தொன்பது முடிகிறது. இந்த சீசன் நன்றாக நடந்தால் தை மாதம் அவளை ஒரு இடத்தில் கொடுத்துவிடலாம். உன் பக்கம் நல்ல பையன் இருந்தால் சொல்.

இப்படிக்கு,
அக்காள்

●

திருநெல்வேலி டவுன்,
15-6-1934

அன்பும் மதிப்பும் மிக்க அக்காளுக்குத் தம்பி சங்கரபாண்டி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியம். அத்தானையும் குழல்வாய்மொழியையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

வேலை சிரமமில்லை. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை எழுத்துதான். முதலாளி கடற்கரை என்பவர் தங்கமான மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. வாடிக்கைக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவதற்குத் தெளிவான எழுத்து வேண்டுமாம். "ஒன் எழுத்த எழுத்துக்கூட்டிப் படிக்கவனும் படிச்சிருவாம்லே" என்று என்னைப் பாராட்டினார்.

ஆவுடைத்தாயை அம்பாசமுத்திரத்தில் அவள் தாய்வீட்டில் விட்டுவந்தேன். பிரசவச் செலவை அவர்கள் தலையில் போடக் கூச்சமாக இருந்தது. முதலாளியிடம் கேட்டேன். அறுபது ரூபாய் அன்றைக்கே எடுத்துக் கொடுத்தார். மாதாமாதம் சம்பளத்தில் கழித்துக்கொள்வார்.

அக்காள், ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். சங்கத்தில் ஒரே நாளில் பணம் கொடுத்ததாக நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. அத்தான் ஏதாவது காகிதத்தில் கையெழுத்துப் போட்டாரா? அதில் நம் சொந்தக்காரர்கள் பெயர் ஏதாவது எழுதிக் கொடுத்தாரா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

தங்கள் தம்பி,
சங்கரபாண்டி

●

தென்காசி,
பவ வருஷம் ஆடி 4

தம்பி சங்கரபாண்டிக்கு அக்காள் எழுதுவது. எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். ஆவுடைத்தாய் சுகத்துக்கு எழுது.

ஆனி முழுக்கப் போயும் சாரல் விழவில்லை. மலையில் மேகம் வந்து நிற்கிறது, பிறகு செங்கோட்டைப் பக்கம் போய்விடுகிறது. பெரிய அருவியில் பாறை வெள்ளையாகத் தெரிகிறது. நடுவில் மட்டும் ஒரு கயிறு மாதிரி தண்ணீர் இறங்குகிறது, அதற்கு அடியில் பத்துப் பேர் முண்டியடிக்கிறார்கள். மதுரையிலிருந்து வருகிற பஸ் ஆட்கள் இறங்கி, அண்ணாந்து பார்த்துவிட்டு, சாமி கும்பிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறார்கள். குளிக்காதவன் எண்ணெய் எதற்கு வாங்குவான்? இருபது டின்னில் மூன்று விற்றிருக்கிறது.

நீ கேட்ட காகித விஷயம் எனக்குத் தெரியாது. உன் அத்தானிடம் கேட்டேன். "பொம்பளைக்கு எதுக்குட்டி அது?" என்றார். அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை, உனக்கே தெரியும்.

இரண்டு கார்டு வந்தது. முதல் கார்டை எண்ணெய்க்காரர் போட்டது என்றார். இரண்டாவது கார்டு சிவப்பு மசியில் இருந்தது. அதை என் கண்ணெதிரே அடுப்பில் போட்டுவிட்டார். தபால்காரர் கிதிர் முகம்மது நல்ல மனுஷர். எழுத்து யார் கண்ணிலும் படாதபடி கவிழ்த்துத்தான் கொடுத்தார். ஆனாலும் தெருக்கோடியிலிருந்து என் வீடு வரை அந்தக் கார்டு திறந்தபடிதானே வந்திருக்கும்?

உன்னால் முடிந்தால் ஒரு இருபது ரூபாய் அனுப்பு. முடியாவிட்டால் வருத்தப்படாதே. கேட்கவே கை வரவில்லை.

அக்காள்

●

திருநெல்வேலி டவுன்,
9-8-1934

அன்புள்ள அக்காளுக்குத் தம்பி வணக்கம். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். காய்ச்சல் இருந்தது, இப்போது தேவலை.

ஐந்து ரூபாய் மணியார்டர் செய்திருக்கிறேன். முன்பணம் கழித்த பிறகு இவ்வளவுதான் மிச்சம். இருபது கேட்ட அக்காளுக்கு ஐந்து அனுப்புவது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

அத்தான் யாருக்காவது பாக்கி வைத்திருந்தால் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். ஆவணி பத்தாம் தேதிக்குள் அவரே நேரில் போய் முகத்தைக் காட்டிவிட்டு, இரண்டு ரூபாயாவது கட்டிவிட்டு வரட்டும். இந்த மாதிரி இடங்களில் தொகை பெரிதில்லை. ஆள் ஒளிகிறான் என்று தெரிந்தால்தான் அடுத்த காரியத்துக்குப் போவார்கள். பத்தாம் தேதிக்குப் பிறகு போய்ப் பிரயோசனமில்லை. டவுனில் நாலு பேர் பேசிக்கொள்வதைக் கேட்டு எழுதுகிறேன், வேறொன்றுமில்லை.

ஆவுடைத்தாய் சுகம். அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள்.

சங்கரபாண்டி

●

தென்காசி,
பவ வருஷம் ஆவணி 20

தம்பி சங்கரபாண்டிக்கு அக்காள் ஆசீர்வாதம். உன் ஐந்து ரூபாய் வந்து சேர்ந்தது. அதற்கு ஏன் அவ்வளவு எழுதினாய்? அரிசி வாங்கினேன்.

உன் அத்தானிடம் நீ சொன்னதைச் சொன்னேன். எந்த முகத்தோடு போவது என்று உட்கார்ந்தே இருந்துவிட்டார். பத்தாம் தேதி போயிற்று. பன்னிரண்டாம் தேதி செங்கோட்டையில் அவர் சித்தப்பாவுக்குக் கார்டு போயிருக்கிறது. அதே நாளில் இலஞ்சி மாமாவுக்கும் கடையத்தில் பெரியம்மா வீட்டுக்கும் இன்னொரு சொந்தக்காரருக்கும். சித்தப்பா கார்டைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. தெருவில் நின்றுகொண்டு படித்தார். "தென்காசி சுடலையாண்டி என்பவர் எங்களிடம் நூற்றைம்பது ரூபாய் வாங்கி, கொடுக்க மனமில்லாமல் பதுங்கித் திரிகிறார். அவருடைய நெருங்கிய உறவினராகிய தாங்கள் குலத்தின் கௌரவத்தை உத்தேசித்து..." என்று முழுதும் படித்தார். அவர் படித்து முடிக்கும்வரை எதிர்வீட்டில் உலக்கைச் சத்தம் கேட்கவில்லை.

அவர் போன பிறகு கார்டு வாசலில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். எழுத்து நன்றாக இருந்தது.

இனி ஒரு நல்ல சேதி. கீழப்பாவூரிலிருந்து குழல்வாய்மொழியைப் பார்த்துப் போனார்கள். பையன் பெயர் அய்யாக்குட்டி, பள்ளிக்கூட வாத்தியார். தகப்பனார் நயினார் என்று சொந்தமாக வயல் வைத்திருக்கிறார். பையன் அதிகம் பேசவில்லை. போகும்போது குழல்வாய்மொழி வைத்திருந்த தண்ணீர்ச் செம்பைத் தானே குனிந்து எடுத்து உள்ளே நீட்டினான். அவளுக்கு அது போதும் போலிருக்கிறது, இரண்டு நாளாகக் கோலம் பெரிதாகப் போடுகிறாள். ஐப்பசி 12-ந் தேதி நிச்சயம்.

இந்தச் சம்பந்தம் இன்னும் யாருக்கும் தெரியாது. சித்தப்பாவுக்கும் சொல்லவில்லை. எங்கள் கஷ்டமும் கீழப்பாவூர்க்காரர்களுக்குத் தெரியாது. தெரியக் கூடாது. உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன் சங்கரபாண்டி. உனக்கு மட்டும்தான்.

அக்காள்

●

திருநெல்வேலி டவுன்,
24-9-1934

அன்புள்ள அக்காளுக்குத் தம்பி வணக்கம். ஆவுடைத்தாய்க்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் சுகம். நம் அம்மா பெயரையே வைத்திருக்கிறோம்.

நிச்சயத்துக்கு வர லீவு கேட்டேன். முதலாளி மிகவும் சந்தோஷப்பட்டார். பிள்ளை பிறந்ததற்கும் சேர்த்துக் கையில் இரண்டு ரூபாய் கொடுத்தார். "அக்கா வீட்டு விசேஷமாலே? மாப்ள எந்த ஊரு?" என்று கேட்டார். சொன்னேன். "யார் வீடு?" என்று கேட்டார். அதையும் சொன்னேன். பிரியமாகக் கேட்டார், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அக்காள், ஐப்பசி 12 வரை காத்திருக்க வேண்டுமா? புரட்டாசியில் செய்யமாட்டார்கள் என்று தெரியும். ஐப்பசி பிறந்ததும் முதல் வாரத்திலேயே முகூர்த்தம் இருந்தால் முன்னே வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். காரணம் ஒன்றுமில்லை. நல்ல காரியத்தைத் தள்ளிப் போடுவானேன் என்றுதான்.

இல்லாவிட்டால் அத்தான் எப்படியாவது ஒரு இருபத்தைந்து ரூபாய் புரட்டிக்கொண்டு இங்கே வரட்டும். நான் வேண்டுமானால் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

சங்கரபாண்டி

●

தென்காசி,
பவ வருஷம் ஐப்பசி 20

சங்கரபாண்டிக்கு,

நீ நிச்சயத்துக்கு வரவில்லை. உடம்பு சரியில்லை என்று தந்தி கொடுத்தாய். சரி.

நடந்ததை எழுதுகிறேன். அன்று காலை மாலை கட்டி, பந்திக்கு இலை நறுக்கி வைத்திருந்தோம். கீழப்பாவூரிலிருந்து பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. வண்டி வந்தது. வண்டியிலிருந்து நயினார் மட்டும் இறங்கினார். தட்டு இல்லை, பெண்கள் இல்லை. உன் அத்தான் ஓடிப்போய்க் கையைக் கூப்பினார். நயினார் மடியிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார்.

"வே, இதுல எழுதியிருக்கது நெசமா?"

"நெசந்தான். சீசன் போச்சு அண்ணாச்சி. வார வருசம் தீத்துருவேன்."

"கடன் எல்லாத்துக்கும் உண்டும். எனக்கும் உண்டும். ஆனா எங்க தபாலாபீசுல இதப் படிச்சிட்டுத்தான் எங்கையில குடுத்தாவ. கார்டு எனக்கு வருததுக்கு முந்தி ஊருக்கு வந்துட்டு. பொண்ணு எடுக்க முந்தியே இப்படின்னா, எடுத்த பொறவு எம்பேருக்குல்லா வரும்?"

உன் அத்தான் அவர் காலைப் பிடிக்கக் குனிந்தார். அப்போது குழல்வாய்மொழி வெளியே வந்துவிட்டாள். தலையில் பூ, புதுச்சேலை. "அண்ணே, எந்திரி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நயினாரைப் பார்த்து, "வெயில்ல வந்திருக்கிய, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றாள். அவர் குடிக்கவில்லை. வண்டி திரும்பிப் போயிற்று.

மறுநாள் அவள் கல்யாணத்துக்குச் செய்து வைத்திருந்த சங்கிலியையும் என் கம்மலையும் விற்றோம். உன் அத்தான் தென்காசி ஸ்டேஷன் பக்கம் இருக்கும், கடன் கொடுத்த முதலாளியின் ஆளிடம் போய் வட்டியோடு முழுவதும் கட்டிவிட்டார். பார்த்தாயா, அந்த முதலாளிக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. ஒரு முக்காலணாக் கார்டு, மொத்தப் பணமும் வந்துவிட்டது.

இப்போது இங்கே மழை. அருவியில் பாலம் வரை தண்ணீர் வருகிறதாம். உன் அத்தான் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை.

நயினார் வீசிவிட்டுப் போன கார்டை இதற்குள் வைத்திருக்கிறேன். யார் எழுத்து என்று பார்த்துச் சொல்.

முப்பிடாதி

●

திருநெல்வேலி டவுன்,
9-1-1935

அக்காளுக்கு,

இரண்டு மாதமாகத் தினமும் காகிதம் எடுத்து வைக்கிறேன். க்ஷேமம் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. அதனால் நேராகவே எழுதிவிடுகிறேன்.

என் எழுத்துதான்.

நான் வேலை பார்ப்பது ஜவுளிக்கடையில் இல்லை. கடற்கரை முதலாளி பணம் கொடுக்கிறவர். காலையில் கேட்டால் மத்தியானம் பணம். ஜாமீன் வேண்டாம், அடமானம் வேண்டாம், நிலப்பத்திரம் வேண்டாம். ஐந்து விலாசம் மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டும். யார் முன்னால் தலை குனிய மாட்டாயோ, அந்த ஐந்து பேர். சம்பந்தி, மாமனார், சித்தப்பன், மச்சினன், தங்கச்சி மாப்பிள்ளை. பத்து நாள் தவறினால் கடன்காரருக்குக் கறுப்பு மசியில் கார்டு. அடுத்துச் சிவப்பு மசி. அடுத்து ஐந்து விலாசத்துக்கும். கவரில் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள், அதனால் கார்டுதான். எழுத்து தெளிவாக இருக்க வேண்டும் என்பதும் அதற்காகத்தான். ஒரு நாளைக்கு நாற்பது எழுதுவேன்.

அத்தான் காகிதம் ஆனி முதல் வாரமே என் கண்ணில் பட்டது. ஐந்தாவது விலாசம் என்னுடையது. முதலாளி பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒன் அத்தானாலே? நல்லதாப் போச்சு. ஒனக்குக் கார்டு போடாண்டாம். முக்காலணா மிச்சம்." நானும் சிரித்தேன் அக்காள். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும்.

சித்தப்பாவுக்கும் மற்றவர்களுக்கும் போன கார்டுகளை நான்தான் எழுதினேன். எழுத்தைச் சாய்த்து எழுதிப் பார்த்தேன். நீங்கள் கண்டுபிடிக்கமாட்டீர்கள் என்று நினைத்தேன்.

கீழப்பாவூர் கார்டு வேறு. மாப்பிள்ளை வீட்டு விலாசம் அத்தான் காகிதத்தில் இல்லை. நிச்சயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது முதலாளி என்னைக் கூப்பிட்டு இரண்டு காகிதங்களை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று அத்தானுடையது. அடியில் கீழப்பாவூர் நயினார் என்று முதலாளியே ஆறாவதாக எழுதியிருந்தார். இன்னொன்று என்னுடையது. அறுபது ரூபாய் வாங்கியபோது நானும் ஐந்து விலாசம் எழுதிக் கொடுத்திருந்தேன். முதல் விலாசம் ஆவுடைத்தாயின் தகப்பனார்.

"நிச்சயத்துக்கு முந்தி போற கார்டுக்குப் பணம் உடனே வந்துரும்லே. ஒன் அத்தானுக்கும் கடன் தீரும், நல்லதுதான். அவுகளுக்கு எழுத ஒனக்கு மனசில்லன்னா சொல்லு. ஒன் காயிதத்த வேற ஆள்ட்ட குடுத்து எழுதச் சொல்லுதேன். ரெண்டுல எது வேணும்னு நீயே பாத்துக்கோ."

அவர் அப்போதும் சத்தம் போடவில்லை. ஆவுடைத்தாய் பச்சைப் பிள்ளையோடு அந்த வீட்டில் படுத்திருந்தாள். நான் அத்தான் காகிதத்தை எடுத்துக்கொண்டேன். எழுத ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டேன்.

எப்படித் திட்டினாலும் சரி, ஒரு வரி எழுதுங்கள்.

சங்கரபாண்டி

●

தென்காசி,
பவ வருஷம் தை 8

சங்கரபாண்டிக்கு,

திட்ட எனக்குத் தெம்பில்லை.

சித்தப்பா போட்டுவிட்டுப் போன கார்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சாய்த்து எழுதினால் என்ன? ஒரே மணலில் எழுதியவர்கள் நாம். 'ழ'வுக்கு நீ வால் இழுக்கிறபடி வேறு யார் இழுப்பார்கள்? தெரிந்துதான் கீழப்பாவூர் சேதியை உனக்கு எழுதினேன். நீ அங்கே இருக்கிறாய், என்னிடமிருந்து இது தெரிந்தால் அந்த வீட்டை மட்டுமாவது காப்பாற்றுவாய் என்று நினைத்தேன். உன்னை நேராகக் கேட்டிருக்கலாம். 'நீதானா எழுதுகிறாய்?' என்று கேட்டால் நீ என்ன சொல்வாயோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அதனால் சுற்றி வளைத்து எழுதினேன். அந்தப் பிள்ளையின் சங்கதியை உன் கையில் கொண்டுவந்து கொடுத்தது நான்தான். இதை உன் அத்தானிடம் இன்னும் நான் சொல்லவில்லை.

உன் கடிதத்தைக் குழல்வாய்மொழி வாங்கிப் படித்தாள். இரண்டு தடவை படித்தாள். "அவுக வீட்டுக்குக் கார்டு போயிரக் கூடாதுன்னு எங்க வீட்டுக்குப் போட்டாவளாக்கும்" என்றாள். பிறகு மடித்து என்னிடம் கொடுத்தாள். 

என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. கேட்க வேண்டிய இடம் வேறு.

முப்பிடாதி

●

அம்பாசமுத்திரம்,
17-2-1935

அக்காளுக்கு வணக்கம்.

போன திங்கட்கிழமை பாவூர்ச்சத்திரத்தில் ரயிலைவிட்டு இறங்கிக் கீழப்பாவூருக்கு நடந்தேன். நயினார் களத்தில் நெல் அளந்துகொண்டிருந்தார். "அந்தக் கார்டை எழுதினவன் நான். சுடலையாண்டிக்கு மச்சினன்" என்றேன். அவர் மரக்காலைக் கீழே வைத்தார்.

"எழுதினது பொய்யாலே?"

"பொய் இல்ல. நெசந்தான்."

"நெசத்த எழுதுனவனுக்கு இங்கன என்ன சோலி?"

"நெசந்தான் அண்ணாச்சி. ஆனா ஒங்களுக்குச் சொல்லணும்னு எழுதல. அவுகள நோகடிக்கணும்னு எழுதினது. என் கடன மறைக்கதுக்காக எழுதினது."

"இலஞ்சியில பையனுக்கு முடிச்சாச்சு. பங்குனியில கல்யாணம்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அளக்க ஆரம்பித்தார். விட்ட எண்ணிக்கை மறந்துபோய் முதலிலிருந்து அளந்தார்.

நான் திரும்பி வரும்போது குளத்தங்கரையில் அய்யாக்குட்டி வாத்தியார் வேகமாகப் பின்னால் வந்தார். என்னை அடிக்க வருகிறார் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். "அந்தப் பிள்ள எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "வேண்டாம், சொல்லாண்டாம்" என்று திரும்பிப் போய்விட்டார். இதைக் குழல்வாய்மொழியிடம் சொல்லலாமா, கூடாதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மறுநாள் வேலையை விட்டுவிட்டேன். முதலாளிக்கு இன்னும் முப்பத்தெட்டு ரூபாய் பாக்கி. அவர் என் காகிதத்தை எடுத்துப் புதுக் குமாஸ்தா மேஜையில் வைத்தார். நேற்று இங்கே மாமனாருக்குக் கார்டு வந்தது. மாமனார் படித்துவிட்டு எனக்குச் சோறு போடச் சொன்னார். ஆவுடைத்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாதியிலேயே இலையை மடித்துவிட்டு எழுந்தேன். அத்தான் எப்படி இத்தனை மாதம் உயிரோடு இருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஐந்து விலாசத்தில் உங்களுடையதும் ஒன்று. அங்கேயும் கார்டு வரும். தபால்காரர் வந்தால் அத்தான் கண்ணில் படாமல் வாங்கி அடுப்பில் போட்டுவிடுங்கள்.

சங்கரபாண்டி

●

தென்காசி,
பவ வருஷம் பங்குனி 3

தம்பி சங்கரபாண்டிக்கு அக்காள் எழுதுவது. ஆவுடைத்தாயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ சொன்ன கார்டு வெள்ளிக்கிழமை வந்தது. நான் வாய்க்காலுக்குத் துணி துவைக்கப் போயிருந்தேன். ஐப்பசிக்குப் பிறகு தபால்காரர் சத்தம் கேட்டால் உன் அத்தான் அடுக்களைக்குள் போய்விடுவார். அன்றைக்கு என்னவோ வாசலில் நின்றிருக்கிறார். குழல்வாய்மொழி பார்த்துச் சொன்னாள். கிதிர் முகம்மது வழக்கம்போலக் கார்டைக் கவிழ்த்து நீட்டியிருக்கிறார். "மறைக்காண்டாம்வே. படியும்" என்றாராம் உன் அத்தான். அவர் தயங்கினாராம். "ஒமக்குப் படிக்கத் தெரியும்லா? சத்தமாப் படியும்" என்று மறுபடியும் சொல்லியிருக்கிறார். எதிர்வீட்டில், பக்கத்து வீட்டில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். 'சங்கரபாண்டி என்பவர் எங்களிடம் பணம் வாங்கி ஏமாற்றி ஓடிவிட்டார்' என்று கிதிர் முகம்மது மெல்லிய குரலில் படித்திருக்கிறார். உன் அத்தான் முழுவதும் கேட்டுவிட்டு, தெருவைப் பார்த்து, "ஆமா. எம் மச்சினந்தான்" என்று சொன்னாராம். கார்டை வாங்கி உத்தரத்தில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி செருகிவைத்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். நாலு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வெளியே போனார்.

சாயங்காலம் வந்ததும் அவரிடம் எல்லாம் சொன்னேன். கார்டு எழுதியது நீ என்பதையும், கீழப்பாவூர் சேதியை உனக்கு எழுதியது நான் என்பதையும். என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "வார சீசனுக்குக் கடையில ஒத்தையா நிக்க முடியாதுட்டி. ஒந்தம்பிய வரச் சொல்லு" என்றார். சங்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இரண்டு ஜாமீன் கேட்கிறார்கள். செங்கோட்டைச் சித்தப்பா ஒன்று போட ஒப்புக்கொண்டார். பணம் வர இரண்டு மாதம் ஆகும். ஆகட்டும்.

அய்யாக்குட்டி கேட்டதைக் குழல்வாய்மொழியிடம் சொன்னேன். "கேட்டாரா?" என்றாள். பிறகு நெல் அவிக்கப் போய்விட்டாள். நீ இங்கே வந்தால் அவள் உனக்கு இலை போடுவாள், பரிமாறுவாள். பேசமாட்டாள் என்று என்னிடம் சொல்லிவிட்டாள். எத்தனை வருஷம் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

ஆவுடைத்தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சனிக்கிழமை ரயிலில் வா. உன் அத்தான் ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்கிறார். வருகிறேன் என்று பதில் மட்டும் எழுதாதே. தபால்காரர் கையில் உன் எழுத்தைப் பார்க்க இன்னும் இந்த வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அக்காள்
முப்பிடாதி